மின்னஞ்சலும் முத்திரையும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழ்ப் பண்டிதர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



நம் நிர்வாக சபையார் இம்மாதம் எம்மைப் பேசுமாறு பணித்த விஷயம் எம் தொழிலுக்குச் சற்றே புறம்பானது. யாம் பள்ளியில் இலக்கணமும் இலக்கியமும் ஓதுவிப்போம். கணினி நூல் கற்றோமில்லை. ஆயினும், ஒருவர் விடுத்த ஓலை அவர் விடுத்ததே என்று எங்ஙனம் மெய்ப்பிப்பது என்னும் வினா எழுத்துத் தோன்றிய நாள்தொட்டு இருந்து வருவது. அதுவே இன்று மின்னஞ்சலில் வேறு கோலங்கொண்டு வந்திருக்கின்றது. எம்மிடம் முன்னர்த் தமிழ் பயின்று இந்நாள் கணினித் தொழிலில் அமர்ந்திருக்கும் மாணவர் ஒருவர் பல மாலைப்பொழுதுகள் உடனிருந்து எமக்கு இதனை விளக்கினார். ஆசிரியன் மாணாக்கனிடம் பாடங்கேட்பதில் இழுக்கொன்றுமில்லை. அவர் பரீட்சை வையாது விட்டதே எமக்கு ஆறுதல்.

நம்மவருட் பெரும்பாலோர் வர்த்தகர். சென்ற தீபாவளிக்கு முன், ஜவுளி வியாபாரஞ் செய்யும் நம் அங்கத்தினர் ஒருவர், தம்மிடம் முன்பு சரக்கு வாங்கியோர் ஏறக்குறைய 2,000 பேருக்குப் புதுப் புடவைகளின் படங்களோடு மின்னஞ்சல் விடுத்தார். வந்த பதில்கள் விரல்விட்டு எண்ணத்தக்கன. விலை ஏறிவிட்டதோ, சரக்குப் பிடிக்கவில்லையோ என்று அவர் பலநாள் மயங்கினார். பின்னொருநாள் அவருடைய சம்பந்தியம்மாள் தம் கைபேசியைத் துழாவ, அக்கடிதம் லாட்டரிப் பரிசு விழுந்ததாகக் கூறும் கடிதங்களுக்கும் வழுக்கைத் தலையில் மயிர் வளர்க்கும் தைல விளம்பரங்களுக்கும் நடுவே ஸ்பாம் பெட்டியிற் கிடந்தது. கூலி பெற்றுக் கடிதங்களை அனுப்பிக் கொடுத்த கம்பெனியாரைக் கேட்டதற்கு, 'இலவசம்', 'தள்ளுபடி' என்னும் சொற்களை நீக்குக என்றனராம். நீக்கியும் பயன் விளையவில்லை. என்னை? குறை சொல்லில் இல்லை. கடிதத்தின் தலைப்பில் அவருடைய கடைப்பெயர் இருந்தது. அப்பெயரால் எழுதியவர் அவரே என்பதற்கு உரிய சான்று உடன் செல்லவில்லை. பெயருக்குச் சான்றில்லாத கடிதத்தைப் பெறும் சர்வர் ஐயுறுவது இயல்பேயன்றோ?

இச்சான்று முதலிலேயே ஏன் வைக்கப்படவில்லை என்று சிலர் வினவக்கூடும். மின்னஞ்சல் ஒரு சர்வரிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் முறையை 1982-ஆம் ஆண்டில் ஜொனாதன் போஸ்டல் என்பார் வரையறுத்து வெளியிட்டார். எஸ்.எம்.டி.பி. என வழங்கும் அம்முறையே திருத்தங்கள் சில பெற்று இன்றும் உலகெங்கும் நடைபெறுகின்றது. அந்நாளில் அவ்வலையில் இணைந்திருந்தவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சி நிலையங்களுமே. ஒருவரையொருவர் அறிந்த சிற்றூரிற் கதவுக்குத் தாழ் எதற்கு? அனுப்புவோன் தன் பெயரென எதைச் சொல்லினும் அதனை அவ்வாறே ஏற்கும்படி முறை அமைந்தது. இத்தனைக்கும் 1978-ஆம் ஆண்டு மே மாதத்திலேயே, டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியைச் சார்ந்த கேரி தர்க் என்பார் தம் கம்பெனியின் கணினிகளைப் புகழ்ந்து, அர்ப்பாநெட் என்னும் வலையிலிருந்த ஏறக்குறைய 400 பேருக்குக் கேளாத விளம்பரக் கடிதம் விடுத்து, அனைவருடைய கோபத்தையும் தேடிக்கொண்டிருந்தார். திருடன் வந்துபோன பின்னரும் தாழில்லாமலே வீடு கட்டினர் என்க.

ஈண்டு ஒரு நுட்பத்தை மனத்திற் கொள்ளல் வேண்டும். மின்னஞ்சலுக்கு அனுப்புவோர் பெயர் இரண்டு. உறையின் மேலுள்ளது ஒன்று. உள்ளிருக்கும் கடிதத்தின் தலைப்பிலுள்ளது மற்றொன்று. உறைமேற் பெயரைச் சர்வர்களே தமக்குள் வழங்கிக்கொள்ளும். கடிதம் சேராவிடில் திரும்பி வரவேண்டிய முகவரி அது. படிப்போர் கண்ணிற்படுவது தலைப்புப் பெயர். இவ்விரண்டும் ஒன்றாயிருத்தல் வேண்டுமென்று போஸ்டல் வகுத்த முறையில் விதியில்லை. பிற்காலத்துக் குழப்பங்கள் பலவும் இவ்விடத்திற் பிறந்தனவே.

இனி, காப்புகளைக் கூறுவோம். அவை மூன்று. மூன்றும் ஒரே பதிவேட்டைப் பற்றிக்கொண்டு நிற்பன. அப்பதிவேடு, பால் மொக்கபெட்ரிஸ் என்பார் 1983-ஆம் ஆண்டில் வகுத்த டி.என்.எஸ். என்பது. கடைப்பெயரின்பின் 'டாட் காம்' என்றோ 'டாட் இன்' என்றோ முடியும் பெயரை டொமைன் என்கின்றோமன்றோ? அவ்வொவ்வொரு டொமைனுக்கும் அப்பதிவேட்டில் ஓரிடம் உண்டு. அவ்விடத்தில் எழுதும் உரிமை பெயருக்குடையவர்க்கே. படிக்கும் உரிமை உலகோர் யாவர்க்கும். நிலம் வாங்குவோர் சார்பதிவாளர் கச்சேரியில் வில்லங்கம் பார்ப்பதுபோல, கடிதம் பெறும் சர்வர் கண்ணிமைப்பதற்குள் அவ்வேட்டைப் புரட்டிப் பார்த்துவிடும்.

இவ்விடத்தில் நம்மவர் வழக்கமொன்றைச் சொல்லாதிருக்க இயலவில்லை. நம் வியாபாரிகள் பலர் தம் டொமைனைத் தாமே பதிவு செய்துகொள்வதில்லை. இணையதளம் அமைத்துக் கொடுத்த இளைஞர் தம் பெயராலேயே பதிந்து, கடவுச்சொல்லையும் தம்மிடமே வைத்துக்கொள்கின்றார். அவர் நல்லவராயிருக்கலாம். ஆனால் வேலை மாறி வேற்றூர் போய்விட்டாலோ, கைபேசி எண்ணை மாற்றிவிட்டாலோ, கடைக்காரர் தம் பெயருக்குத் தாமே அந்நியராகி நிற்கின்றார். வீட்டுப் பத்திரத்தைக் கொத்தனார் பெயரில் எழுதிவைப்பார் உண்டோ? பெயர் தம் வசத்தில் இல்லாதவர் இனி யாம் சொல்லும் மூன்றனுள் ஒன்றையும் செய்துகொள்ள முடியாது. ஆதலின் முதற்காரியம் இதுவே: டொமைன் உம் பெயரில், உம் முகவரியில், உம் கடவுச்சொல்லின்கீழ் இருக்கின்றதா என்று பாருங்கள். ஆண்டுக் கட்டணம் என்று தீர்கின்றது என்பதையும் குறித்து வையுங்கள்.

முதற்காப்பு எஸ்.பி.எப். என்பது. 2006-ஆம் ஆண்டில் வெளியாகி, 2014-ஆம் ஆண்டில் செப்பஞ் செய்யப்பெற்றது. "இன்ன இன்ன சர்வர்களே என் பெயரால் அஞ்சல் கொண்டுவருதற்குரியன" என்று பதிவேட்டில் ஒருவரி எழுதிவைப்பதே இது. கடிதத்துள் எழுதும் பெயரைப் பொய்யாக எழுதலாம். ஆனால் வந்து கதவைத் தட்டும் சர்வரின் எண்முகவரியைப் பெறுவோர் நேரிற் காண்கின்றனராதலின் அதனை மறைப்பது எளிதன்று. அவ்வெண் பட்டியலில் உளதா என்று ஒப்பிடுகின்றனர். வரியின் முடிவில் 'ஆல்' என்னும் சொல் வரும். அதன்முன் கழித்தற்குறியிட்டால் "ஏனையோரைத் தள்ளுக" என்பதும், அலைபோன்ற குறியிட்டால் "ஏனையோரை ஐயுறுக" என்பதும் பொருள். ஒரு குறியின் வேற்றுமையாற் பொருள் வேறுபடுவது இலக்கணம் பயின்ற எமக்குப் பெரிதும் இன்பந் தந்தது.

இதில் நம்மவர் இடறும் இடங்கள் உள. புதிய அஞ்சற் கம்பெனி ஒன்றை அமர்த்தும்போதெல்லாம் அவர்கள் தரும் வரியைப் பழைய வரியின்கீழ் மற்றொன்றாக எழுதிவிடுகின்றனர். ஒரு டொமைனுக்கு எஸ்.பி.எப். வரி ஒன்றே இருத்தல் வேண்டும். இரண்டிருந்தால் இரண்டும் செல்லாவாம். உள்ள வரிக்குள்ளேயே புதியவரைச் சேர்த்தெழுதுவதே முறை. அவ்வரியை ஆராயுங்கால் பதிவேட்டை மேலும் மேலும் புரட்டும்படி நேரும் தடவைகள் 10-க்கு மிகுதலும் கூடாது. அன்றியும், ஒருவர் தமக்கு வந்த அஞ்சலை வேறொரு பெட்டிக்குத் தானே திரும்பிச் செல்லும்படி ஏற்பாடு செய்திருப்பின், கொண்டுசெல்லும் சர்வர் மாறிவிடுதலால் இக்காப்பு முறிந்துபோகும். எல்லாவற்றினும் பெரிய குறை யாதெனில், எஸ்.பி.எப். சோதிப்பது உறைமேற் பெயரை, தலைப்புப் பெயரையன்று.

இரண்டாங்காப்பு டிகிம் என்பது. யாகூ கம்பெனியாரும் சிஸ்கோ கம்பெனியாரும் தனித்தனியே கண்ட முறைகள் ஒன்றாகி, 2007-ஆம் ஆண்டில் இப்பெயரோடு வெளிவந்தன. இதனை விளக்கப் பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணத்தைக் காட்டிலும் சிறந்த எடுத்துக்காட்டு எமக்குக் கிடைக்கவில்லை. மணப்பந்தலில் வந்து நின்ற முதியவர், சுந்தரர் தமக்கு அடிமையென்று ஓலை காட்டினார். சுந்தரர் அதனைப் பறித்துக் கிழித்தெறிந்தார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குச் சென்றது. கிழிந்தது படியோலையே என்று கூறி, முதியவர் மூலவோலையை நீட்டினார். சபையார் அதனைப் படித்த அளவில் நம்பிவிடவில்லை. சுந்தரருடைய பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிடத்திலிருந்து வருவித்து, இரண்டன் கையெழுத்தையும் ஒப்புநோக்கி, ஒத்திருக்கக் கண்ட பின்னரே தீர்ப்புச் சொல்லினர். ஓலை கொணர்ந்தவர் யாவர், எவ்வழி வந்தார் என்பன அவர்களுக்குப் பொருட்டாகவில்லை, கைச்சாத்தே சாட்சியாயிற்று.

டிகிம் செய்வதும் இதுவே. அனுப்பும் சர்வரிடம் இரகசியத் திறவுகோல் ஒன்று இருக்கும். கடிதத்தின் உடலையும் தலைப்பின் முக்கிய பாகங்களையும் கணக்கிட்டு, அத்திறவுகோலால் ஒரு கைச்சாத்தைச் செய்து கடிதத்தோடு சேர்க்கும். அதற்கு இணையான பொதுத் திறவுகோல் டொமைனின் பதிவேட்டில் யாவரும் காண வைக்கப்பட்டிருக்கும். அதுவே சபையார் காப்பிட்ட ஓலை. பெறுவோர் இரண்டையும் ஒப்பிடுவர். கைச்சாத்தில் அடங்கிய பாகத்தில் வழியில் ஓரெழுத்து மாறினும் ஒப்புமை கெடும். அஞ்சல் வேறு பெட்டிக்குத் திரும்பிச் செல்லினும், உள்ளடக்கம் மாறாதவரை கைச்சாத்து நிற்கும், இது எஸ்.பி.எப்.-க்கு இல்லாத வலிமை.

திறவுகோல் நீளமாயிருத்தல் வேண்டும். 2012-ஆம் ஆண்டில் வெளிவந்த வேடிக்கையொன்று உண்டு. சாக்கரி ஹாரிஸ் என்னும் கணித வல்லுநருக்குக் கூகுள் கம்பெனியிலிருந்து உத்தியோகம் பற்றிக் கடிதம் வந்தது. அது மெய்யோ பொய்யோ என்று ஆராய்ந்தவர், அக்கம்பெனியின் டிகிம் திறவுகோல் 512 பிட் அளவினதே என்று கண்டார். தம் அறிவைச் சோதிக்கவே இங்ஙனம் வைத்திருக்கின்றனர் போலும் என்று கருதி, அதனை உடைத்து, கம்பெனியின் ஸ்தாபகருள் ஒருவர் பெயரால் மற்றவருக்குக் கடிதம் ஒன்றை விடுத்தார்! பதில் வரவில்லை, சில நாட்களில் திறவுகோல் மட்டும் 2,048 பிட் அளவினதாக மாறியிருந்தது. அத்துணைப் பெரிய கம்பெனியார்க்கே இது நேர்ந்ததென்றால் நாம் எம்மாத்திரம்? 2,048 பிட் என்று கேட்டு வாங்குங்கள். இரகசியத் திறவுகோலைக் கண்டவர் கையிற் கொடாதீர்கள். முத்திராராக்ஷஸம் என்னும் வடமொழி நாடகத்தில் ராக்ஷஸன் என்னும் அமைச்சன் வீழ்ந்தது படையாலன்று. அவனுடைய முத்திரை மோதிரம் சாணக்கியன் கைப்பட்டதாலேயே.

நிற்க. எஸ்.பி.எப்.-உம் டிகிம்-உம் இருந்தும் நம் ஜவுளி அன்பர் கடிதம் ஏன் ஸ்பாம் பெட்டியில் விழுந்தது? எம் மாணவர் அக்கடிதத்தைப் பிரித்துக் காட்டினார். எஸ்.பி.எப். தேறியிருந்தது, ஆனால் உறைமேலிருந்தது அனுப்பிக் கொடுத்த கம்பெனியின் பெயர். டிகிம்-உம் தேறியிருந்தது, கைச்சாத்தும் அக்கம்பெனியின் பெயராலேயே இருந்தது. தலைப்பில் மட்டும் நம் அன்பரின் கடைப்பெயர். மாப்பிள்ளை வீட்டார் ஓலையிற் கூலிக்கு வண்டியோட்டினவன் கைச்சாத்திட்டாற்போல, சாத்து மெய்யானதே; உரியவருடையதன்று.

இவ்விரிசலை அடைப்பதே மூன்றாங்காப்பாகிய டிமார்க். 2012-ஆம் ஆண்டில் பேபால், கூகுள், மைக்ரோசாப்ட், யாகூ முதலிய கம்பெனியார் கூடி வெளியிட்டனர். 2015-ஆம் ஆண்டில் முறைப்படி ஏட்டிலேறியது. எஸ்.பி.எப்., டிகிம் என்னும் இரண்டனுள் ஒன்றேனும் தேறுதல் வேண்டும். தேறிய பெயர் படிப்போர் காணும் தலைப்புப் பெயரோடு இயைதலும் வேண்டும். இதுவே டிமார்க் விதிப்பது. இயையாத கடிதத்தை என்செய்வது என்பதையும் பெயருக்குடையவரே பதிவேட்டில் எழுதிவைக்கலாம். 'நன்' என்றால் ஒன்றுஞ் செய்யாது அறிவிப்பு மட்டும் அனுப்புக. 'க்வாரன்டீன்' என்றால் ஸ்பாம் பெட்டியில் ஒதுக்குக. 'ரிஜெக்ட்' என்றால் வாயிலிலேயே திருப்புக என்பன பொருள்.

எடுத்த எடுப்பில் 'ரிஜெக்ட்' என்றெழுதுவார் தம் கடிதத்தைத் தாமே மறிப்பர். 2014-ஆம் ஆண்டு ஏப்ரலில் யாகூ கம்பெனியார் தம் டொமைனுக்கு அவ்வாறு எழுதிய அளவில், யாகூ முகவரியிலிருந்து குழுக்களுக்கு எழுதியோர் கடிதங்கள் பலவிடங்களில் திரும்பி விழுந்தன. முதலில் 'நன்' என்று வைத்து, அறிக்கைகள் வந்து சேர ஒரு முகவரியுங் கொடுத்துக் காத்திருப்பதே அறிவுடைமை. அறிக்கைகள் மனிதர் படிக்குந் தரத்தன அல்ல. அவற்றைத் தெளிவுறக் காட்டும் சாதனங்கள் உண்டு.

நம் அன்பர் இங்ஙனமே செய்தார். அனுப்பும் கம்பெனியாரிடம் வற்புறுத்தித் தம் டொமைன் பெயராலேயே கைச்சாத்திடும்படி ஏற்பாடு செய்தார். அதற்கு அவர்கள் தந்த சில வரிகளைப் பதிவேட்டில் எழுதுவதே வேலை. ஒரு முற்பகலுக்கு மேல் ஆகவில்லை. பின்னர் ஆறுவார காலம் அறிக்கைகளைப் பார்த்து வந்தார். அவர் நினையாத செய்தியொன்று அவற்றில் வெளிப்பட்டது. கடையிற் பில் போடும் மென்பொருள், வாடிக்கைக்காரர்க்குத் தானே மின்னஞ்சலில் இரசீது அனுப்பி வந்தது. அது செல்வது முற்றிலும் வேறான சர்வர் வழியாக! முதலிலேயே 'ரிஜெக்ட்' என்றெழுதியிருப்பின் இரசீதுகள் எல்லாம் மறிபட்டிருக்கும். அதனையும் பட்டியலிற் சேர்த்த பின்னரே 'க்வாரன்டீன்' நிலைக்கு மாற்றினார்.

பெரிய அஞ்சல் நிலையத்தார் இக்காப்புகளை இப்பொழுது கட்டாயமாக்கிவிட்டனர். 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000-உம் அதற்கு மேலும் அனுப்புவோர் மூன்றையும் வைத்திருத்தல் வேண்டுமென்று கூகுள் கம்பெனியார் விதித்தனர். யாகூவும் உடன் விதித்தது. 2025-ஆம் ஆண்டு மே 5 முதல் மைக்ரோசாப்ட் கம்பெனியாரும் அவ்வழிச் சென்றனர். நம்மவர் அத்தனை அனுப்புவதில்லையே என்று ஆறியிருத்தல் தகாது. சிறு அளவில் அனுப்புவோர்க்கும் எஸ்.பி.எப். அல்லது டிகிம் ஒன்றேனும் வேண்டுமென்பது ஜிமெயில் விதி. விளம்பரக் கடிதமாயின், "இனி வேண்டா" என்பார் ஒரே தொடுகையில் நீங்கிக்கொள்ள வழி வைத்தலும் பேரளவில் அனுப்புவோர்க்குக் கட்டாயம். "இது ஸ்பாம்" என்று பெறுவோர் அழுத்தும் முறைப்பாடு 1,000-க்கு 3 என்னும் அளவை எட்டுதல் கூடாது. 1,000-க்கு 1-க்குக் குறைந்திருத்தலே நன்று என்கின்றனர்.

இனிக் கூறப்போவது சிலர்க்குக் கசக்கும். இம்மூன்று காப்பும் உடையார் கடிதம் இன்பாக்ஸைச் சேர்ந்தே தீரும் என்று எவரேனும் பணம் வாங்கிக்கொண்டு உறுதி கூறுவராயின் நம்பாதீர்கள். முத்திரை, இக்கடிதம் இன்னார் விடுத்தது என்று மட்டுமே சொல்லும். இன்னார் நல்லவர் என்று சொல்லாது. ஸ்பாம் அனுப்புவோரும் டொமைன் வாங்கி மூன்று காப்பும் செய்துகொள்கின்றனர். முத்திரை நிலைத்த பின்னர் நிகழ்வது யாதெனில், பெறுவோர் மகிழ்ந்து திறந்தால் அந்நன்மதிப்பும், சினந்து ஸ்பாம் என்று அழுத்தினால் அவ்வவப்பெயரும் உம் பெயர்க்கணக்கிலேயே ஏறும். முன்பு பெயர் ஐயத்திற்கிடமாயிருந்தது. இப்பொழுது பெயர் பொறுப்புக்குள்ளாகின்றது.

ஜவுளி அன்பரின் பொங்கற் கடிதங்களுக்குத் தீபாவளியினும் பலமடங்கு பதில் வந்தது மெய்யே. எனினும் எல்லாம் இன்பாக்ஸைச் சேர்ந்துவிடவில்லை. 2,000 முகவரிகளிற் பல, பல்லாண்டாகத் திறவாது கிடப்பவை. சில, கலியாண மொய்க்கணக்கு எழுதியபோது உறவினரிடம் வாங்கியவை. புடவை வேண்டுமென்று அவர்கள் எவரும் கேட்டதில்லை. எம் மாணவர் அம்முகவரிகளை நீக்கச் சொன்னபோது அன்பர்க்கு மனம் வரவில்லை. வியாபாரிக்கு முகவரிப் பட்டியலைக் குறைப்பது சரக்கைத் தெருவிற் கொட்டுவது போலத் தோன்றும். ஆயினும் குறைத்தார்.

நம் சங்கத்து அங்கத்தினர் விலாசப் புத்தகத்தை விளம்பரத்திற்கு எடுத்தாளும் வழக்கம் நம்மிடையே பரவிவருகின்றது. உறவின்முறையார்தாமே, என்ன குற்றம் என்கின்றனர். சாவுக்கும் வாழ்வுக்கும் செய்தி சொல்லுதற்காகக் கொடுத்த முகவரி அது. அதிற் பிளாஸ்டிக் குடத்து விலைப்பட்டியலை வாரந்தோறும் அனுப்பினால், வெறுப்புற்றவர் ஸ்பாம் என்று அழுத்துவர். உறவினர் என்பதை அவ்வியந்திரம் அறியாது. விலாசப் புத்தகத்தை விளம்பரத்திற்குத் தருவதில்லை என்று நிர்வாக சபையார் தீர்மானஞ் செய்யவேண்டுமென்பது எம் அபிப்பிராயம். கூட்டத்திற் சில முகங்கள் சுளிப்பது தெரிகின்றது. ஆயினும் அபிப்பிராயம் அதுவே.

வேறோர் அபாயமும் உண்டு. மொத்த வியாபாரி பெயரால், "எம் பாங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிப் பணத்தை இப்புதிய கணக்கிற் கட்டுக" என்று பொய்க்கடிதம் விடுத்துப் பணம் பறிப்போர் உளர். டிமார்க் 'ரிஜெக்ட்' நிலையிலுள்ள டொமைனின் அதே பெயரைத் தலைப்பில் வைத்துவரும் பொய்க்கடிதத்தை, அதனை மதிக்கும் சர்வர்கள் வாயிலிலேயே தடுக்கும். ஆனால் ஓரெழுத்தை மட்டும் மாற்றிப் புதிதாக வாங்கிய பெயரையும், கடவுச்சொல்லைத் திருடி உண்மைப் பெட்டியிலிருந்தே அனுப்பிய கடிதத்தையும் அது தடாது. ஆதலின் கணக்கு மாறியதென்று கடிதம் வரின், அக்கடிதத்திலுள்ள எண்ணையன்று, பழைய நோட்டில் நீங்களே குறித்துவைத்த எண்ணைக் கூப்பிட்டு, அவர் குரலைக் கேட்ட பின்னரே பணம் கட்டுங்கள். இளம்பிள்ளைகளைக் கணக்குப் பார்க்க வைத்திருப்போர் இதனை இன்றிரவே வீட்டிற் சொல்லிவையுங்கள்.

தம் நிலைமையை அறிய விரும்புவோர், கடை முகவரியிலிருந்து தமக்கே ஒரு ஜிமெயில் கடிதம் அனுப்பிக் கணினியில் திறந்து, மேலுள்ள முப்புள்ளியைத் தொட்டு, 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தெரிந்துகொள்ளலாம். எஸ்.பி.எப்., டிகிம், டிமார்க் என்னும் மூன்றன் எதிரே 'பாஸ்' என்றோ 'பெயில்' என்றோ காணும். எம் மாணவர் தம் மடிக்கணினியோடு பின்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். சிற்றுண்டி முடிந்தபின் ஒருவர் பின் ஒருவராகச் செல்லலாம். டொமைன் கடவுச்சொல் யாரிடமுள்ளது என்று தெரியாதோர், இப்பொழுதே வெளியே சென்று அவ்விளைஞரைக் கைபேசியில் அழைத்துக் கேட்டு வாருங்கள்.